ஆறு சென்டிமீட்டர் ஆழம், ஐம்பத்தாறு ரூபாய் கூலி: நூறு நாள் வேலையில் பணம் எங்கே தேய்கிறது

2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக்கு ஒன்றிய அரசு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். முந்தைய ஆண்டு 319, அதற்கு முன் 294. ஆனால் வங்கியில் பாஸ்புக் பதியும்போது பெரும்பாலும் அதற்குக் குறைவான தொகையே தெரிகிறது. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். அலுவலகத்தில் "வேலை செஞ்சாதானே கூலி" என்பார்கள். ஊரில் "நடுவுல யாரோ எடுத்துட்டாங்க" என்பார்கள். இரண்டும் நடக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லோரும் உழைத்து, யாரும் கைவைக்காத தளத்திலும் கூலி குறையும். அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

இதற்காக ஒரு மாதிரித் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏரியின் உட்பரப்பில் 30 பேர், 6 நாள், மண் வெட்டிக் கரையில் கொட்டும் வேலை. தளத்தின் எண்கள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. நடைமுறையும் விதிகளும் உள்ளபடியே.

சட்டத்தில் இருக்கும் ஒரு வரி

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் வந்தவை கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்கள். 2008 ஏப்ரலில் மற்ற ஊரக மாவட்டங்களுக்கும் வந்தது. 2009-இல் மகாத்மா காந்தியின் பெயர் சேர்ந்தது. மகாராஷ்டிரம் இதற்கு வெகு முன்பே, 1972-73 வறட்சியில் லட்சக்கணக்கான பேரைச் சாலை வேலைக்கும் குளத்து வேலைக்கும் இறக்கிய பின், 1977-இல் தனக்கென ஒரு வேலை உறுதிச் சட்டம் இயற்றியிருந்தது. அதற்கான செலவில் ஒரு பகுதியை நகரத்துச் சம்பளக்காரர்களின் தொழில் வரியிலிருந்து எடுத்தார்கள்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள், விண்ணப்பித்த 15 நாளுக்குள் வேலை, முடித்த 15 நாளுக்குள் கூலி. இந்த மூன்றும் ஊரில் பலருக்கும் தெரியும். கூலியைத் தீர்மானிக்கும் வரி இவற்றில் இல்லை, முதல் அட்டவணையில் இருக்கிறது. வயது வந்த ஒருவர் ஒரு மணி நேர ஓய்வையும் சேர்த்து எட்டு மணி நேரம் வேலை பார்த்தால், அறிவித்த கூலி அவருக்குக் கிடைக்கும்படி வேலையின் விலைப்பட்டியல் அமைய வேண்டும் என்பது அதன் சாரம். சாதாரண ஒப்பந்த வேலையில் விலை முதலில் நிற்கும், ஆள் அதற்கேற்ப ஓட வேண்டும். இங்கே சட்டம் அதைத் தலைகீழாக்குகிறது: ஆளால் எவ்வளவு முடியும் என்று பார், அதிலிருந்து விலையை எடு. பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக அளவு வகுக்கவும் அதே அட்டவணை சொல்கிறது.

பொதுப்பணிக் கூலியில் இது பழைய வழக்கு. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-இல், பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையாளுக்கான நாள் தானியத்தை ஒரு ராத்தலாகக் குறைத்தார். கூலியாக அத்துடன் கிடைத்தது கொஞ்சம் சில்லறைதான். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, ஏறக்குறைய 8 கிலோமீட்டர், அந்தப் பஞ்ச காலத்து உழைப்பில் வெட்டியதுதான். உடம்பில் வலு உள்ளவருக்கு வகுத்த அளவை மெலிந்தவரிடம் கேட்பது நியாயமா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. இன்றைய தளத்தில் அது வேறு உருவில் நிற்கிறது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் 85 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள், அவர்களிலும் நடுவயதைக் கடந்தவர்கள் ஏராளம். திடமான இளைஞர்கள் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் போய்விடுகிறார்கள். விலைப்பட்டியல் மனதில் வைத்திருக்கும் ஆள் வேறு, தளத்தில் நிற்கும் ஆள் வேறு.

குழியின் கணக்கு

மாதிரித் தளத்தில் ஒரு ஆளின் நாள் அளவு 1.6 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 336-ஐ 1.6-ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 210 ரூபாய். 30 பேர் 6 நாள் என்றால் 180 மனித நாள். முழுக் கூலி வேண்டுமானால் 288 கன மீட்டர் மண் வெட்டியிருக்க வேண்டும்.

குறித்துக் கொடுத்த இடம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். அந்தப் பரப்பில் 36 சென்டிமீட்டர் ஆழம் போனால் 288 கன மீட்டர் வந்துவிடும். ஓவர்சியர் அளக்கும்போது சராசரி ஆழம் 30 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. 240 கன மீட்டர். 240-ஐ 210-ஆல் பெருக்கினால் 50,400 ரூபாய். அதை 180 மனித நாளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாள் கூலி 280. ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 56 ரூபாய் போய்விட்டது. குழு முழுவதற்கும் சேர்த்து 10,080 ரூபாய்.

அந்த ஆறு சென்டிமீட்டர் ஏன் வரவில்லை? முதல் நாள் யாரும் மண் வெட்டவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குள் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதை வெட்டி, முள்ளை இழுத்து ஓரம் போடவே பொழுது சாய்ந்தது. 30 பேருக்கும் அது முழு நாள் உழைப்பு. ஆனால் மதிப்பீட்டில் முள் அகற்றுவதற்குத் தனித் தலைப்பு இல்லை. "ஏரி ஆழப்படுத்துதல், மண் வேலை" என்று ஒரே வரி. மீதி ஐந்து நாளில் ஒவ்வொருவரும் 1.6 கன மீட்டர் குறையாமல் வெட்டினால் கிடைப்பது 30 × 5 × 1.6 = 240. கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஒருவரும் சும்மா உட்காரவில்லை, ஒருவரும் திருடவில்லை. எழுதாத ஒரு தலைப்பு 10,080 ரூபாயைக் கொண்டுபோய்விட்டது.

முள் மட்டுமல்ல. மண்ணின் வகையும் இப்படித்தான். கோடையில் ஏரிப் படுகையின் மேல்தோல் காய்ந்து இறுகிக் கிடக்கும், கடப்பாரை போட்டுப் பெயர்த்த பிறகே மண்வெட்டி இறங்கும். மழைக்குப் பிந்தைய ஈரத்தில் பார்த்து எழுதிய மதிப்பீட்டில் அது சாதாரண மண். அடியில் சுக்கான் கல் தட்டினால் வேலை பாதியாகும், விலை அதே. இன்னொன்று தூரமும் ஏற்றமும். விலைப்பட்டியலின் அடிப்படை விலையில் குறிப்பிட்ட தூரம் வரை சுமப்பதும், குறிப்பிட்ட உயரம் வரை தூக்குவதும் அடங்கியிருக்கும். அதைத் தாண்டினால் கூடுதல் விலை உண்டு. படுகையின் நடுவில் வெட்டிய மண்ணைச் சட்டியில் அள்ளிக் கரை உச்சிக்கு ஏற்றும் பெண் இரண்டையும் தாண்டியே நடக்கிறார். கூடுதல் தூரமும் ஏற்றமும் மதிப்பீட்டில் எழுதப்பட்டால்தான் அளவுப் புத்தகத்தில் ஏறும். அளவுப் புத்தகத்தில் ஏறாத நடைக்குக் கூலி கிடையாது.

மதிப்பீடு போடுவதற்கு முன் படுகையில் நான்கைந்து இடங்களில் சோதனைக் குழி தோண்டிப் பார்த்தால் போதும், இதில் பெரும்பகுதி தீரும். அரை நாள் வேலை. ஆனால் பல ஊராட்சிகளைச் சுமக்கும் ஓர் ஓவர்சியர், பக்கத்து ஏரிக்குப் போன ஆண்டு போட்ட மதிப்பீட்டில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு நகர்வதே வழக்கமாகிறது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பணி எண் உருவாக்கக் கெடு வைத்து மேலே இருந்து வரும் அழுத்தத்தில் சோதனைக் குழிக்கு இடமில்லை.

எப்போது அளக்கிறார்கள், எப்படி அளக்கிறார்கள்

விதிப்படி வார முடிவில் வருகைப் பதிவேட்டை மூடியதும் அளக்க வேண்டும். தள்ளிப்போனால் நடப்பது இது: குழியின் ஓரம் சரிகிறது, மாடு இறங்குகிறது, ஒரு மழை பெய்தால் வண்டல் இறங்கிக் குழி மேவுகிறது. பத்து நாள் கழித்து டேப் பிடிக்கும்போது 36 சென்டிமீட்டர் 30 ஆகியிருக்கும். மழைக்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, கழிவு ஆளின் தலையில் விழுகிறது.

ஆழம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதும் முக்கியம். படுகை எப்போதும் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். வேலை தொடங்கும் முன் தரை மட்டத்தைப் பதிவு செய்யவில்லை என்றால், பிறகு ஆழம் என்பது அளப்பவரின் ஊகம். இதற்குத்தான் வெட்டும் இடத்தில் ஆங்காங்கே தோண்டாமல் மண்திட்டு விட்டுவைப்பது. பழைய தரை எங்கிருந்தது என்பதை அது காட்டும். அளவு எடுத்த பிறகே அதை வெட்ட வேண்டும். "அழகா இல்ல, அதையும் வெட்டிடுங்க" என்று முன்கூட்டியே சமப்படுத்திவிட்டால் சாட்சி போய்விடும். 800 சதுர மீட்டர் பரப்புக்கு மூன்று இடத்தில் ஆழம் பார்ப்பதும் பன்னிரண்டு இடத்தில் பார்ப்பதும் வெவ்வேறு கூலியைத் தரும்.

மண்திட்டு இரு பக்கமும் வேலை செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு வெட்டிய பழைய பள்ளத்தைப் புது வேலையாகக் காட்டிக் கூடுதலாக எழுதும் பழக்கத்துக்கும் அதுவே தடை. தணிக்கைக்கு வருபவர் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

குழுவின் அளவு இன்னொரு சிக்கல். 30 பேரின் வேலையை மொத்தமாக அளந்து சமமாகப் பங்கிட்டால், நன்றாக வெட்டியவருக்கும் 280, நிழலில் நின்றவருக்கும் 280. இரண்டு வாரத்தில் நன்றாக வெட்டுபவரின் கை தானாகத் தளரும். பிறகு மொத்த அளவும் இறங்கும், எல்லோர் கூலியும் இறங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. ராஜஸ்தானில் ஐந்து பேர் கொண்ட சிறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அன்றைய சதுரத்தைக் குறித்துக் கொடுத்து, குழு வாரியாக அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வேலைக்கேற்ற கூலி தெரிந்துவிடும். ஆனால் இதிலும் ஒரு முள் உண்டு: திடமானவர்கள் தங்களுக்குள் சேர்ந்துகொள்வார்கள், வயதானவர்களை யாரும் சேர்க்க மாட்டார்கள். முதியோருக்கான தனி அளவை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவராமல் சிறு குழு அளவீட்டை மட்டும் கொண்டுவந்தால் வயதானவர்கள் ஓரங்கட்டப்படுவார்கள்.

வராத ஆறு பேர்

இப்போது களவுக்கு வருவோம். பதிவேட்டில் 30 பெயர், தளத்தில் 24 பேர். வராத ஆறு பேருக்கும் வருகை போடப்படுகிறது. அந்தப் பணம் அரசுக்கு நட்டம் என்றே பொதுவாக நினைக்கிறோம். அளவு வேலையில் நட்டம் வேறிடத்தில் விழுகிறது. 24 பேர் 6 நாள் முழு அளவு வெட்டினால் 230.4 கன மீட்டர், 48,384 ரூபாய். அதை 180 மனித நாளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 268 ரூபாய் 80 காசு. அளவு நேர்மையாக எடுக்கப்படும் வரையில், வராதவரின் கூலியை வந்தவரே தருகிறார். வேலை செய்த பெண்ணிடமிருந்து நாளுக்கு 67 ரூபாய் 20 காசு எடுக்கப்படுகிறது. அவர் பக்கத்தில் நிற்பவரைக் குற்றம் சொல்வதற்கு முன், பதிவேட்டில் உள்ள பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. அந்த உரிமை எல்லோருக்கும் உண்டு. பதிவேடு தளத்திலேயே இருக்க வேண்டிய ஆவணம்.

இதைத் தடுக்கத்தான் கைப்பேசிச் செயலி வந்தது. 2021 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒரு படம், குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம் எடுத்து, இடக்குறியீட்டுடன் ஏற்ற வேண்டும். என்ன ஆயிற்று என்பதை 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் எழுதியது: தொடர்பில்லாத படங்கள், படத்தைப் படம் எடுத்து ஏற்றியவை, பதிவேட்டு எண்ணிக்கைக்கும் படத்தில் இருப்பவர்களுக்கும் பொருந்தாதவை, ஒரே ஆள் பல பதிவேடுகளில் இருப்பவை. ஏற்றிய படத்தை யாரும் பார்க்காத வரை படம் எதையும் தடுக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது போல் அந்த அறிக்கை இருந்தது.

செயலியின் பாதிப்பு நேர்மையான தளத்தில்தான் கூடுதல். படுகைக்குள் சிக்னல் இல்லை, பொறுப்பாளரின் சொந்தக் கைப்பேசியில் இடமில்லை, இரண்டாம் படம் ஏறவில்லை. அந்த நாள் வருகையே கேள்விக்குள்ளாகிறது. விலக்கு அளிக்கும் அதிகாரம் மாவட்ட அளவில் இருக்கிறது, ஒரு நாள் கூலிக்காக அங்கே வரை போக யாராலும் முடியாது. முன்பு விடியற்காலையில் தொடங்கித் தன் அளவை முடித்தவர் வெயில் ஏறும் முன் வீடு திரும்பலாம். அளவுக் கூலியின் ஒரே சலுகை அதுதான். இப்போது அளவும் முடிக்க வேண்டும், இரண்டாம் படத்துக்கும் நிற்க வேண்டும். துண்டு வேலைக்குரிய அளவையும் நாள் வேலைக்குரிய காவலையும் ஒரே ஆள்மேல் ஏற்றுவது எந்த வேலையிலும் சரியாகாது.

பதிவேட்டிலிருந்து பாஸ்புக் வரை

பதிவேடு மூடியதும் வருகையும் அளவும் கணினியில் ஏறும். அதிலிருந்து கூலிப் பட்டியல், பட்டியலிலிருந்து பணமாற்ற ஆணை. அந்த ஆணைக்கு இரண்டு மின் கையொப்பம். இதுவரை மாநிலத்தின் பொறுப்பு, இலக்கு 8 நாள். பிறகு ஒன்றிய அரசின் கருவூல அமைப்பு வழியாக வங்கிக்குப் போவதற்கு 7 நாள். தாமதமானால் 16-ஆம் நாள் முதல் நாளுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு.

மாதிரித் தளத்தில் ஒருவரின் வாரக் கூலி 280 × 6 = 1,680 ரூபாய். இழப்பீடு நாளுக்கு 84 காசு. கெடு தாண்டி 60 நாள் தாமதமானால் 50 ரூபாய் 40 காசு. அதே 1,680 ரூபாயை அவர் மூணு வட்டிக்கு வாங்கிக் குடும்பத்தை ஓட்டியிருந்தால் இரண்டு மாத வட்டி 100 ரூபாய் 80 காசு. இழப்பீடு முழுதாக வந்தாலும் வட்டியில் பாதி. முழுதாகவும் வராது: நடைமுறையில் பணமாற்ற ஆணை வரை ஆன தாமதத்தைத்தான் கணக்கிட்டார்கள், அதற்கு மேல் ஒன்றிய அரசின் பக்கம் ஆன தாமதம் கணக்கில் வரவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பொறுப்பிலிருந்து ஒன்றிய அரசு நழுவ முடியாது என்றது.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி நிலுவை என்று முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். மார்ச்சில் மாநில அரசு சொன்ன நிலுவை 4,034 கோடி. அந்த மாதங்களில் அளவு சரியாக இருந்த தளத்துக்கும் பணம் இல்லை. மேற்கு வங்கத்தில் நிலை இன்னும் மோசம்: முறைகேட்டைக் காரணம் காட்டி 2022 மார்ச்சிலிருந்து நிதியே நிறுத்தப்பட்டது. தவறு செய்தவர் யாராக இருந்தாலும், நின்றது வேலை செய்தவரின் கூலி.

பணம் அனுப்பியாயிற்று என்று கணினி சொல்லும், பாஸ்புக்கில் இருக்காது. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிக் கூலி கட்டாயமான பிறகு இந்தப் புகார் புது வடிவம் எடுத்தது. பணம் போவது வேலை அட்டையில் எழுதிய வங்கிக் கணக்குக்கு அல்ல, ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்கு. எரிவாயு மானியத்துக்கோ, சுயஉதவிக் குழுக் கடனுக்கோ வேறொரு வங்கியில் கைரேகை வைத்திருந்தால் கூலி அங்கே போய் உட்கார்ந்திருக்கும். எனவே "ஏறலை" என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பாஸ்புக் இருக்கிறது என்பது. இரண்டாவது, பெயர். வேலை அட்டையில் கணவரின் முதலெழுத்து, ஆதாரில் தந்தையின் முதலெழுத்து என்றிருந்தால் சரிபார்ப்பு தோற்கும். மூன்றாவது, வங்கியில் ஆதார் எண் கொடுத்தது மட்டும் போதாது, தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலிலும் அந்த இணைப்பு ஏற வேண்டும். கிளை ஊழியர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. நிராகரிக்கப்பட்ட தொகை ஒழிந்துபோவதில்லை. விவரத்தைத் திருத்தி மறு ஆணை போட்டால் வரும். ஆனால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் யாராவது நினைவாக மறு ஆணை போட வேண்டும்.

விண்ணப்பம் என்ற காணாமல் போன காகிதம்

இது வரை சொன்னது வேலை கிடைத்தவரின் கதை. சட்டத்தின் உயிர் வேலை கேட்பதில் இருக்கிறது. எழுத்திலோ வாயாலோ கேட்டால் தேதியிட்ட ஒப்புகை தர வேண்டும். 15 நாளில் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன்பின் பாதிக்குக் குறையாமலும் வேலையின்மைப் படி தர வேண்டும். அந்தப் படியை மாநில அரசு தன் பணத்திலிருந்து தர வேண்டும் என்பதுதான் முடிச்சு. கூலி ஒன்றிய அரசின் பணம், படி மாநிலத்தின் பணம். வேலை கொடுக்க மாநிலத்துக்குத் தூண்டுதல் இருக்கட்டும் என்று வைத்த விதி, வேலை கேட்டதைப் பதியாமல் இருக்கத் தூண்டுதலாக மாறிவிட்டது. வேலை தொடங்கும் நாளில் விண்ணப்பத்தையும் சேர்த்து எழுதிக்கொள்கிறார்கள். கேட்ட தேதியும் கிடைத்த தேதியும் அருகருகே நிற்கும், படி பிறக்க வழியே இல்லை. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் இதை எந்தத் தணிக்கையாலும் பிடிக்க முடியாது.

அதன் விளைவு நாள் எண்ணிக்கையில் தெரிகிறது. பெருந்தொற்று ஆண்டான 2020-21-இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 389 கோடி மனித நாள் வேலை நடந்தது, ஏழரைக் கோடிக் குடும்பங்கள் வந்தன. அப்போதும் குடும்பத்துக்குச் சராசரி 52 நாள்தான். அண்மை ஆண்டுகளிலும் ஐம்பதை ஒட்டியே நிற்கிறது. ஐம்பது நாளை நம் மாதிரித் தளத்தின் 280 ரூபாயில் வைத்தால் ஆண்டுக்கு 14,000. சட்டம் சொல்லும் 100 நாள், 336 ரூபாய் என்றால் 33,600. வறுமைக் குறைப்பைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு தொகைகளில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுவது நல்லது.

இத்தனை குறைவிலும் திட்டம் பயன் தந்திருக்கிறது, அது தளத்துக்கு வெளியேயும் நடக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 157 மண்டலங்களை (நம் ஊராட்சி ஒன்றியம் போன்றவை) எடுத்து, அவற்றில் ஒரு பகுதியில் மட்டும் கூலி வழங்கும் முறையைச் சீராக்கி நடத்திய பெரிய சோதனையில், ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியதில் பெரும்பகுதி திட்டக் கூலியிலிருந்து வரவில்லை, வெளி வேலையிலிருந்து வந்தது. போக வேறு இடம் இருக்கும்போது வயலில் கூலி பேசும் குரல் மாறுகிறது. "ஆள் கிடைக்கலை" என்ற விவசாயியின் குறையும் இதே உண்மையின் மறுபக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற விதி, வயலில் பாதிக் கூலி வாங்கிய பெண்ணுக்கு என்ன பொருள் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏரிக்குக் கிடைத்தது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மாவட்ட அளவில் செலவில் குறைந்தது 60 விழுக்காடு கூலிக்கும், அதிகபட்சம் 40 விழுக்காடு பொருளுக்கும் போக வேண்டும், ஒப்பந்ததாரர் கூடாது. மண்ணை வெட்டக் கூலி உண்டு. மதகைச் சீரமைக்க சிமெண்ட், கலிங்கைக் கட்டக் கல் வேண்டும், அதற்கான பொருள் பணம் மாதக்கணக்கில் வராது. கடன் சொல்லிப் பொருள் தர ஆளில்லை. ஆகவே ஏரி ஆழமாகும், மதகு ஒழுகும். வரத்து வாய்க்காலைத் தூர்வாராமல் படுகையை மட்டும் வெட்டினால் தண்ணீர் வந்து சேராது. வெட்டிய மண்ணைக் கரையின் உள்சரிவிலேயே கொட்டி, கெட்டிக்காமல் விட்டால் முதல் பெருமழையில் அது மறுபடி படுகைக்குள் இறங்கும். அடுத்த ஆண்டு அதே மண்ணை அதே கைகள் வெட்டும். அலுவலகத்துக்கு அது இரண்டு பணி.

பணம் யாருடையது

2005 சட்டத்தின்படி உடலுழைப்புக் கூலி முழுவதும் ஒன்றிய அரசின் பொறுப்பு, பொருளில் முக்கால் பங்கும் அதனுடையது. 60 ரூபாய் கூலி, 40 ரூபாய் பொருள் என்று 100 ரூபாய்ச் செலவை வைத்தால் ஒன்றியம் 90, மாநிலம் 10. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொன்றை நிறைவேற்றியது. அதில் நாள் 125 ஆகிறது. பெரும்பாலான மாநிலங்களுக்குச் செலவுப் பங்கு 60-க்கு 40. அதே 100 ரூபாய்க்குத் தமிழ்நாட்டின் பங்கு 10-லிருந்து 40 ஆகிறது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை ஒன்றிய அரசு முன்பே வரையறுக்கும், அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்கிறது.

நாள் கூடுவதை வரவேற்பவர்கள் அளவுப் புத்தகத்தின் பக்கமும் ஒரு முறை பார்க்க வேண்டும். வரையறுத்த நிதிக்குள் 125 நாள் காட்ட வேண்டிய மாநிலத்துக்கு இரண்டு வழி: வேலை கேட்பதைப் பதியாமல் விடுவது, அல்லது நாளுக்கு ஏறும் கூலியைக் குறைப்பது. இரண்டாவதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. சராசரி ஆழத்தைச் சற்று இறுக்கி எழுதினாலே போதும். அதைத் தடுக்க வழிகள் உள்ளன, எதுவும் பெரிதல்ல. மதிப்பீட்டில் முள் அகற்றல், மண் வகை, கூடுதல் தூரம், ஏற்றம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி. தொடக்கத் தரை மட்டத்தை நான்கு பேர் முன்னிலையில் குறிப்பது. பதிவேடு மூடும் நாளிலேயே அளந்து, அளவையும் கன மீட்டர் விலையையும் ஆளுக்கு வரும் தொகையையும் தளத்தில் வாசித்துக் காட்டுவது. கடைசியில் சொன்னது ஒரு ரூபாய் செலவில்லாதது, எனவே அதிலிருந்து தொடங்கலாம்.

காலண்டரையும் நிதியாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். தமிழ்நாட்டின் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, மாசி பங்குனியில்தான் படுகை தெரியும் அளவுக்கு வற்றுகின்றன. மண் வெட்ட ஏற்ற காலமும், வயலில் வேலை குறையும் காலமும் பெரும்பாலும் அப்போதுதான். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, ஒதுக்கிய பணமோ பெரும்பாலான ஆண்டுகளில் அதற்கு முன்பே தீர்ந்து நிலுவையாகத் தொடங்கிவிடுகிறது.